ஆங்கில ஆசிரியர்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு... அது ஏரல் வரைக்கும் வருமா?

‘ஆசிரியர் சங்கம்’ என்று மொபைலில் தேடிப் பாருங்கள். பழைய ஓய்வூதியத் திட்டம், இடமாறுதல் கலந்தாய்வு, சம வேலைக்குச் சம ஊதியம், ஜாக்டோ-ஜியோ என்று வரிசையாக வரும். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ‘டெட்’ தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் என்றது. அன்றைக்கு முதலில் குரல் கொடுத்தது இந்தச் சங்கங்கள்தான்.

ஆனால் ஆசிரியர்களுக்கு இன்னொரு வகைச் சங்கமும் உண்டு. சம்பளம், இடமாறுதல் எதுவும் அங்கே பேசுபொருள் கிடையாது. “இந்தப் பாடத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?” என்பதுதான் பேச்சு. டாக்டர்களுக்கு ஐஎம்ஏ, ஆடிட்டர்களுக்கு ஒரு இன்ஸ்டிடியூட் இருப்பதுபோல, ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான தொழில்முறை அமைப்பு. இந்தியாவில் அப்படி உருவான முக்கியமான அமைப்பு பிறந்தது டெல்லியிலோ மும்பையிலோ இல்லை, நம்ம மெட்ராஸில். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனாலும் தாமிரபரணிக் கரையில், ஒரு ஏரல் பக்கப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் டீச்சருக்கு அதனால் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஏரல் எதுக்கு?

தூத்துக்குடி மாவட்டத்து ஏரலைப் பலருக்கும் 2023 டிசம்பர் வெள்ளச் செய்திகளில் தெரிந்திருக்கும். ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குப் போனவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். நெல்லும் வாழையும் விளையும் ஆற்றங்கரை ஊர். சுற்றிலும் கொற்கை, சிவகளை, பெருங்குளம், உமரிக்காடு என்று கிராமங்கள். திருநெல்வேலிக்கு பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்நிய மொழி இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. கொற்கை பாண்டியர்களின் துறைமுகம்; முத்து வாங்க வந்தவன் எந்த மொழி பேசினாலும் வியாபாரம் நடந்திருக்கும். பக்கத்துச் சாயர்புரத்தில் 1840-களில் ஜி.யு.போப் ஒரு செமினரி நடத்தினார். பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே போப். ஆங்கிலம் மட்டுமல்ல, கிரேக்கம், லத்தீன் எல்லாம் அங்கே நடத்தியிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. பாளையங்கோட்டைக்கு ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு’ என்ற பட்டம் வேறு.

இவ்வளவு பெருமை இருந்தும், இந்தப் பக்கத்துப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டிகிரி முடித்து, சென்னையிலோ பெங்களூரிலோ முதல் இன்டர்வியூவில் உட்காரும்போது வாய் வராமல் நிற்கிறது. இதைப் படிக்கிற பலருக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழி யார் மேல் விழும்? பெரும்பாலும் “எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர் சரியில்ல” என்ற ஒற்றை வரியில் முடியும். அந்த டீச்சருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற கேள்வி வருவதே இல்லை.

அயல்மொழியா, இரண்டாம் மொழியா?

இந்தத் துறைக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. ஆங்கிலம் அன்றாடம் புழங்காத நாட்டில் அதைக் கற்பித்தால் ‘அயல்மொழி’. கோர்ட், ஆபீஸ், பல்கலைக்கழகம் என்று புழங்கும் நாட்டில் கற்பித்தால் ‘இரண்டாம் மொழி’. ஜப்பான் முதல் வகை, இந்தியா இரண்டாவது வகை என்பதுதான் பாடப்புத்தக விளக்கம்.

காகிதத்தில் சரி. ஆனால் உமரிக்காட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளையின் ஒரு நாளை யோசியுங்கள். வீட்டில் தமிழ், பஸ்ஸில் தமிழ், கடையில் தமிழ், ரீல்ஸிலும் தமிழ். ஆங்கிலம் காதில் விழுவது அந்த ஒரு பீரியட்தான். அதிலும் பாதி நேரம் தமிழில் அர்த்தம் சொல்லியே போய்விடும். சென்னை அண்ணா நகர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்றால், இந்தப் பிள்ளைக்கு அது ஜப்பான் பிள்ளைக்கு இருப்பதுபோல அயல்மொழிதான். ஒரே பாடப்புத்தகம், ஒரே பொதுத்தேர்வு, இரண்டு வேறு மொழிச் சூழல்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு. பேசத் தெரியுமா என்று அதில் யாரும் கேட்பதில்லை. பிறகு டீச்சர் எதற்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் போகிறார்? போதாக்குறைக்கு 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெரிய அளவில் தொடங்கப்பட்டன. அதிலிருந்து கணக்கு, அறிவியல் ஆசிரியர்களும் பாதி ஆங்கில ஆசிரியர்கள் ஆகிவிட்டார்கள். அதற்கான மொழிப் பயிற்சி அதே வேகத்தில் வரவில்லை.

இதெல்லாம் தனித்தனி ஆசிரியரின் திறமைப் பிரச்சினை இல்லை. ஒரே மாதிரிச் சூழலில் இருப்பவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். ஒரு உதாரணம் சொல்கிறேன். ‘டிட் யூ கோ’ என்று கேட்க வேண்டிய இடத்தில் நம் பிள்ளைகள் ‘டிட் யூ வென்ட்’ என்பார்கள். தமிழில் ‘போனாயா’ என்ற ஒரே சொல்லில் காலமும் கேள்வியும் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் காலம் ‘டிட்’-க்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ‘ஃபேன்’ என்பது ‘பேன்’ ஆவதும் அப்படித்தான். தமிழ் எழுத்தில் அந்த ஒலிக்கு இடமே இல்லை, ஆய்த எழுத்தைக் கடன் வாங்கித்தான் சமாளிக்கிறோம். லண்டனில் அச்சான புத்தகம் இதைச் சொல்லித் தராது. இருபது வருஷம் இதே பிள்ளைகளோடு மல்லுக்கட்டிய ஒரு டீச்சர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பார். அவர் ஓய்வு பெறும்போது அதுவும் அவரோடு போய்விடும். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக்கூடத் தெரியாது.

மெட்ராஸில் பிறந்த கதை

இந்த அறிவைச் சேர்த்து வைக்கத்தான் தொழில்முறைச் சங்கங்கள் தோன்றின. அமெரிக்காவில் 1966-ல் ‘டெசோல்’. பிரிட்டனில் 1967-ல் ‘ஐயாடெஃபில்’, அதாவது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பவர்களின் சர்வதேச சங்கம், டபிள்யூ.ஆர்.லீ என்பவர் தொடங்கியது. இந்தியாவில் 1974-ல் பத்மஸ்ரீ எஸ்.நடராஜன் முயற்சியில் மெட்ராஸில் ‘எல்டாய்’, இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம். இன்று பல மாநிலங்களில் அதற்குக் கிளைகள் உண்டு, ஐயாடெஃபிலின் இணை அமைப்பாகவும் இருக்கிறது. அதன் இதழின் வரலாறு 1965 வரை பின்னே போகிறது. சங்கம் பதிவாவதற்கு முன்பே இதழ் வந்துவிட்டது! பேசுவதற்கு அவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது.

ஏன் மெட்ராஸ்? அந்தக் காலகட்டத்தில் ஆங்கிலம் கற்பித்தலில் உலகமே கவனித்த இரண்டு சோதனைகளில் மெட்ராஸுக்குப் பங்கு உண்டு.

முதலாவது 1950-களின் இறுதியில் தொடங்கியது. மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து, தொடக்க நிலையில் ஆங்கிலம் நடத்தும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டன. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு. உருள உருளப் பெருக்கும் பனி உருண்டை மாதிரி. அதனால் பெயரே ‘மெட்ராஸ் ஸ்னோபால்’. மெட்ராஸ் வெயிலில் பனி உருண்டை என்ன ஆகும் என்று பெயர் வைத்தவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

ஜோக்கை விடுங்கள். மேலிருந்து கீழே கைமாற்றும் பயிற்சி எங்கு நடந்தாலும் இந்தச் சிக்கல் உண்டு. மேலே ஐந்து நாளில் சொன்னது, நடுவில் இரண்டு நாளாகி, கடைசிப் படியில் ஒரு மதியமாகச் சுருங்கும். இன்றைக்கும் மாநிலம், மாவட்டம், வட்டாரம், குறுவளமையம் என்று பயிற்சி இறங்கி வருவது இதே வழியில்தான். கீழேயிருந்து ஒரு கேள்வி மேலே ஏறிப்போக அந்தப் பாதையில் படிக்கட்டு கிடையாது.

இரண்டாவது சோதனை கிட்டத்தட்ட அதற்கு எதிர்மாறு. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், மெட்ராஸ் பகுதிப் பள்ளிகளில் நடத்தியது. இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல், பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் மாதிரி எதையாவது கொடுத்து, அதை வைத்து ஒரு புதிரைத் தீர்க்கச் சொல்வது. கவனம் புதிர் மேல் இருக்கும், மொழி கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு உலகம் முழுக்க ‘டாஸ்க்’ வழிக் கற்பித்தல் என்று பேசுகிறவர்கள் இந்தச் சோதனையைச் சொல்லாமல் நகர்வதில்லை. 1987-ல் பிரபு எழுதிய புத்தகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடம். நம்ம ஊர் பி.எட். முடித்த எத்தனை பேருக்கு இது நம் வகுப்பறைகளில் பிறந்தது என்று தெரியும்?

அப்புறம் ஏன் பள்ளி டீச்சரிடம் போகவில்லை?

இங்கேதான் கசப்பான பகுதி. நம் நாட்டில் ஆங்கில ஆசிரியர்களுக்கான மாநாடு, கருத்தரங்கு என்று எந்த அழைப்பிதழை எடுத்தாலும் நிகழ்ச்சி நிரலில் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். பள்ளி ஆசிரியர்கள் ஓரமாக ஒரு அமர்வில் இருப்பார்கள், இல்லாமலும் போகலாம்.

இதற்கு ஒரு காரணம் எண்கள். 2010-ல் யுஜிசி கொண்டுவந்த விதிகளில் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ‘ஏபிஐ’ மதிப்பெண் முறை வந்தது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் பாயின்ட். விதிகள் பின்னர் மாறின, பழக்கம் மாறவில்லை. சான்றிதழுக்காகக் கருத்தரங்கு, கருத்தரங்குக்காகக் கட்டுரை. “பேப்பர் பிரசென்ட் பண்ணியாச்சு, சர்டிஃபிகேட் எப்போ சார் கிடைக்கும்?” என்பது மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கேட்கும் குரல்.

பள்ளி ஆசிரியருக்கு அந்தப் பாயின்ட்டால் பயன் இல்லை. அவருக்கு வேண்டியது நாளைக் காலை இரண்டாவது பீரியடுக்கு ஒரு யோசனை. அதற்காக அவர் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பில் இரண்டைச் செலவழித்து, சென்னை போய் வர வேண்டும். ஓ.டி. கிடைக்குமா என்பது தலைமை ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. தனியார் மெட்ரிக் பள்ளி டீச்சர் என்றால் அதைக் கேட்கவே முடியாது. அன்றைய சம்பளமும் போகும்.

இன்னொரு தயக்கம், யாரும் வெளியே சொல்லாதது. மாநாட்டு மேடையில் எல்லோரும் சரளமாக ஆங்கிலம் பேசுவார்கள். கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தமிழ், கணக்கு, ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒருவரே எடுக்கும் டீச்சர், தன் சந்தேகத்தை அந்த அரங்கில் எழுந்து ஆங்கிலத்தில் கேட்பாரா? ஆங்கிலம் கற்பிப்பது பற்றிப் பேச ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற எழுதாத விதி, உதவி அதிகம் தேவைப்படுகிறவரையே முதலில் வாயை மூட வைக்கிறது. சங்கங்கள் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

அதற்காகச் சங்கங்களே வீண் என்று சொல்ல முடியாது. ஒரு தொழிலுக்காக நிமிர்ந்து நின்று பேச அமைப்பு வேண்டும். வியட்நாமுக்கோ வளைகுடா நாட்டுக்கோ ஆங்கிலம் கற்பிக்கப் போக முயன்றவர்களைக் கேளுங்கள். ‘தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டும் விண்ணப்பிக்கவும்’ என்ற விளம்பரம் அவர்களுக்குப் பழக்கம். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பாகுபாடு தவறு என்று டெசோல் 2006-ல் அதிகாரபூர்வமாக நிலைப்பாடு எடுத்தது. தனி ஒரு டீச்சர் சொன்னால் புலம்பல் என்பார்கள், சங்கம் சொன்னால் அதற்கு ஒரு எடை உண்டு.

பண்டாராவில் நடந்தது

சரி, சின்ன ஊரில் இது நடக்குமா? நடந்திருக்கிறது. மகாராஷ்டிராவின் விதர்பா பகுதியில், நாக்பூர் பக்கம் பண்டாரா என்று ஒரு மாவட்டம். நெல் விளையும் பூமி, பெரிய நகரம் எதுவும் கிடையாது. அங்கே பள்ளி, கல்லூரி ஆங்கில ஆசிரியர்கள் சிறு சிறு ‘ஆங்கில ஆசிரியர் கிளப்’களை உருவாக்கினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, பெரிய நிதியும் இல்லை. விருப்பமுள்ளவர்கள் முறை வைத்துக் கூடுவது, அவரவர் வகுப்பில் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்வது, மற்றவர்கள் யோசனை சொல்வது. அவ்ளோதான்.

அதில் பங்கெடுத்த அமோல் பட்வாட், கிருஷ்ணா தீட்சித் இருவரும் 2008-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கிளப்பில் இருக்கும் ஆசிரியர்களும் இல்லாதவர்களும் வகுப்பறைப் பிரச்சினைகளை எப்படிப் பார்க்கிறார்கள் என்ற ஒப்பீடு. கிளப்பில் இருப்பவர்கள் பிரச்சினையைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கிறார்கள், அதில் தன்னால் என்ன செய்ய முடியும் என்று யோசிக்கிறார்கள் என்பது அதன் சாரம். “பிள்ளைங்க சரியில்ல, சிலபஸ் சரியில்ல” என்பதிலிருந்து “நான் அடுத்த வாரம் இதை மாற்றிப் பார்க்கிறேன்” என்பதற்கு வருவது சின்ன விஷயமில்லை. நேபாளத்தில் 1992-ல் தொடங்கிய ‘நெல்டா’ சங்கமும் காட்மாண்டுவோடு நிற்காமல் மாவட்டங்களில் கிளை விரித்தது. அங்கே மலையேறிப் போய்க் கூட்டம் போட முடிகிறது என்றால், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஏரலுக்கு டவுன் பஸ்ஸில் வருவது கஷ்டமா?

வாட்ஸ்அப் குரூப் போதாதா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எல்லா ஆசிரியரும் ஏழெட்டு குரூப்பில் இருக்கிறார்கள். ஆனால் அந்த குரூப்களில் ஓடுவது என்ன? சுற்றறிக்கை, எமிஸ் பதிவேற்ற நினைவூட்டல், மாதிரி வினாத்தாள், குட் மார்னிங் பூ. “எனக்கு இந்தப் பாடம் நடத்தத் தெரியலை” என்று 250 பேர் இருக்கும் குரூப்பில், வட்டாரக் கல்வி அலுவலரும் பார்க்கிற இடத்தில், எந்த டீச்சர் டைப் பண்ணுவார்? எட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அந்த வாக்கியம் வெளியே வரும். அதுவும் தமிழில் வரும், வரட்டும்.

அப்படி ஒரு கூட்டத்துக்கு ஏரல் பக்கம் ஆள் பஞ்சம் கிடையாது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி மூன்றும் அடுத்தடுத்து இருக்கும் பகுதி. இந்த மூன்று வகை ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்வது வழக்கத்தில் இல்லை. ஊதியச் சங்கங்கள் பிரிந்தே இருப்பதால் அவர்களும் பிரிந்தே இருக்கிறார்கள். ஆனால் ‘டிட் யூ வென்ட்’ மூன்று பள்ளியிலும் ஒன்றுதான். சாயர்புரம், ஸ்ரீவைகுண்டம், நாசரேத் என்று சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவதில் அவற்றுக்கு ஒன்றும் குறையாது. எல்டாய் போன்ற அமைப்புகள் செய்ய வேண்டியது, கிளை தொடங்கும் வேலையை எப்போதும் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆங்கிலத் துறையிடமே ஒப்படைக்காமல், இந்த மாதிரி எட்டுப் பேர் குழுவையும் கிளையாக ஏற்றுக்கொள்வது. பள்ளி ஆசிரியர்களுக்குச் சந்தாவைக் குறைப்பது. இதழில் நான்கு பக்கத்தையாவது, மேற்கோள் பட்டியல் இல்லாமல், வகுப்பறையில் என்ன நடந்தது என்று எழுதுபவர்களுக்கு ஒதுக்குவது.

அரசின் பங்குக்கு வருவோம். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது வேறு விவாதம். ஆனால் பயிற்சி நேரம் என்று ஒன்றை நம் பள்ளிக் கல்வித்துறையும் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது. குறுவளமையக் கூட்டங்களுக்கு வரச் சொல்லும் நாட்களில் சிலவற்றை, ஆசிரியர்கள் தாங்களே கூடும் கூட்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தால் என்ன? தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது. யார் வந்தார்கள், எதைப் பேசினார்கள், அடுத்த மாதம் எதை வகுப்பில் செய்து பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு போதும். அன்றைக்கு ஓ.டி. உண்டு என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், முதல் கூட்டத்துக்கு ஏரலில் இடம் தேடுவது பெரிய வேலையாக இருக்காது.